உப்புக் காற்றில் உறங்கிய மெகா டிரைவ்

1988 ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான சேகா மெகா டிரைவ் வீடியோ விளையாட்டுக் கருவிகளில் ஒன்றை, என் பெரியண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தார். அது திருகோணமலையின் உப்புவெளியில் கடலோரமாக உள்ள எங்கள் வீட்டு அலுமாரியில் பல ஆண்டுகள் கிடந்தது. சென்ற மாதம் அதற்கு மின்னிணைப்புக் கொடுத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

மின்சாரம் உள்ளே செல்வதால் பழுது வேறிடத்தில் என ஊகித்து, கருவியில் செருகும் விளையாட்டுப் பேழையான கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் உப்புக் காற்று படிந்திருக்கும் என எண்ணினேன். சிறுவயதில் நாங்கள் வாயால் ஊதிவிட்டுச் செருகுவோம். மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதால் அப்பழக்கத்தை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அற்ககோலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, இருபுறமும் உள்ள 64 முனைகளையும் மெதுவாகத் தேய்த்தேன். ஆறாவது குச்சி வரை பஞ்சு கறுத்தே வந்தது. பின்னர் மின்னிணைப்பைத் துண்டித்த நிலையில், சற்றே ஈரமான அந்தக் கார்ட்ரிட்ஜைப் பலமுறை செருகி எடுத்ததால் கருவியின் உட்புற முனைகளும் துப்புரவாயின.

முழுவதும் உலர அரைமணி நேரம் காத்திருந்து (இதில் அவசரம் கூடவே கூடாது) கருவியை இயக்கியதும், படமும் ஒலியும் ஒருசேர வந்தன. இப்போது அதை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்திருக்கிறேன்.