முட்டை அட்டையில் பல்லாங்குழி

பல்லாங்குழிக்குப் பலகை வாங்கத் தேவையில்லை. 30 முட்டை அடுக்கும் காகித அட்டை ஒன்று போதும். அதில் வரிசைக்கு 6 குழிதான், ஆட்டத்துக்கோ 7 வேண்டும். இரண்டு வரிசை வெட்டிக்கொண்டு, மிச்சத்திலிருந்து 2 குழித் துண்டை ஓரத்தில் ஒட்டினால் 14 ஆகிவிடும். முட்டைக் கறை பட்ட அட்டையை எடுக்காதீர்கள், அதைக் கழுவ முடியாது. குழிகளுக்கு நடுவே நிற்கும் கூம்புகளைக் கத்தரித்துவிடுங்கள். இல்லையென்றால் கை இடித்து முத்துகள் (குழியில் போட்டு ஆடும் கொட்டைகள்) சிதறும், அங்கேயே சண்டை ஆரம்பிக்கும்.

குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. சதை ஒட்டாமல் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும்; ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் எண்ணித்தான் எடுத்து வைக்கணும். வாய்க்கும் மூக்குக்கும் போகிற அளவு அது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நீளமாகத் தெரியும். உடனே முத்தைக் குறைக்கத் தோன்றும், அதுதான் தப்பு. ஒரு குழியில் 4 சேர்ந்தால் 'பசு', அந்தக் குழிக்காரர் அள்ளிக்கொள்வார். நாலு நாலாக வைத்தால் தொடக்கத்திலேயே எல்லாம் பசு. மூன்று வைத்தால் ஒரு முத்து விழுந்ததுமே பசு. எண்ணிப் பார்க்க வேலையே இல்லை. குழியைக் குறையுங்கள்: பக்கத்துக்கு 5 குழி, மொத்தம் 50 முத்து. ஐந்து வயதுக்காரருக்கு முதல் சில நாள் பசுவே வேண்டாம், காலிக் குழி வந்தால் அடுத்த குழியில் இருப்பதைத் துடைத்து எடுப்பது மட்டும் போதும்.