பாங்காக்கில் படகேறும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

பாங்காக் போய் வந்தவர்களிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரவு டின்னர் குரூஸ் போட்டோவைத்தான் காட்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. வாட் அருண் கோயிலுக்கு முன்னால் நாம் பார்க்கும் அகலமான சாவ் பிரயா ஆறு, 1542-ல் வெட்டிய குறுக்குக் கால்வாய். கப்பல்கள் சுற்றி வரவேண்டாம் என்று வெட்டினார்கள். நாளடைவில் ஆறே அந்த வழிக்கு மாறிவிட்டது. பழைய ஆற்று வளைவு, மேற்குக் கரையான தொன்புரி பக்கம் பாங்காக் யாய், பாங்காக் நோய் கால்வாய்களாக இன்னும் இருக்கிறது. தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகளும், துறையோடு கூடிய புத்தர் கோயில்களும் அங்கேதான்.

சரி, அங்கே எப்படிப் போவது? கிராண்ட் பேலஸ் அரண்மனைப் பக்கம் யாராவது வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வாருங்கள் படகில் போகலாம்" என்றால் நம்பாதீர்கள். பழைய ஏமாற்று இது. அவர் கொண்டுபோய் விடும் துறையில் விலை பல மடங்கு இருக்கும். நீங்களே துறைக்குப் போய் லாங்டெயில் எனப்படும் ஒடுக்கமான நீள மோட்டார் படகு பேசுங்கள். கட்டணம் எவ்வளவு, அது தலைக்கா படகு முழுவதற்குமா, எத்தனை மணி நேரம், எந்தக் கால்வாய், இந்த நான்கையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்கவேண்டும். கால்வாய் பெயரைச் சொல்லாவிட்டால் பெரிய ஆற்றிலேயே ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடக்கூடும்.

ஆற்றில் சும்மா போய்வர சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடி படகு போதும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பக்கத்திலேயே நீலக்கொடி சுற்றுலாப் படகின் கவுன்டரும் இருக்கும். அவசரத்தில் அங்கே போய் நின்று அதிகம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். துறையில் படகு சில வினாடிதான் நிற்கும், இறங்குபவர்கள் முன்கூட்டியே எழுந்து வரவேண்டும். புத்த பிக்குகளுக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சேன் சேப் கால்வாய்ப் படகு. அலுவலகம் போகிறவர்களின் பஸ் அது. முதல் முறை ஓரத்து இருக்கையில் ஆசையாக உட்கார்ந்தேன். எதிரே ஒரு படகு வந்ததும் பக்கத்திலிருந்த அம்மா பேச்சில்லாமல் கயிற்றை இழுக்க, தார்ப்பாய் மேலேறியது. நான் இழுக்கத் தெரியாமல் விழித்ததில் சட்டை நனைந்தது. அந்தத் தண்ணீர் சுத்தமானதல்ல. கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வாயை மூடிக்கொள்ளுங்கள். தாழ்வான பாலங்களில் கூரையே கீழிறங்கும், எழுந்து நிற்கக்கூடாது.

அப்புறம், படகோடு முடித்துவிடாதீர்கள். தொன்புரி பக்கம் பாங் லுவாங் கால்வாயோரம் காலையிலோ வெயில் தாழ்ந்தோ நடந்து பாருங்கள். மரப்பலகை நடைபாதை வீடுகளின் வாசலை ஒட்டியே போகிறது. உள்ளே எட்டிப் பார்ப்பதும் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம். ஓவியர்கள் இல்லம் என்ற பழைய மர வீட்டின் முற்றத்தில் ஒரு செங்கல் ஸ்தூபி நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்தால், கால்வாயில் படகு கடந்தபின் அலை வந்து பலகைக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்கும்.