பிரைமரோடு நிறுத்திவிட்ட சுவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிரைமர் அடிச்சாச்சு, சுவரும் வெள்ளையாத்தான் இருக்கு. பெயிண்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம்." புது வீடு கட்டுகிறவர்கள் பலர் கடைசிக் கட்டத்தில் இப்படிச் சொல்வார்கள். கையிருப்பு கரைந்து, முகூர்த்தமும் நெருங்கும்போது முதலில் தள்ளிப்போவது பெயிண்ட் வேலைதான். நாங்களும் ஆவணியில் பிரைமரோடு பால் காய்ச்சிக் குடிபோனோம். தை பிறப்பதற்குள் சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுப்பு, சோபாவுக்குப் பின்னால் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஈரத்துணியால் துடைத்தால் கறை போகவில்லை, இன்னும் பரவியது.

காரணம் எளிது. பிரைமர் அடுத்து வரும் பெயிண்ட்டைப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதில் பிசின் குறைவு, தூள் அதிகம். உறிஞ்சும் தன்மையோடு சற்றுச் சொரசொரப்பாக இருந்தால்தான் மேல் கோட் ஒட்டும். அதே தன்மைதான் அழுக்கையும் கைரேகையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேல் கோட்டாக அடிக்கும் தண்ணீர் கலந்த சுவர்ப் பெயிண்ட்டான எமல்ஷனில் பிசின் கூடுதல் என்பதால் காய்ந்ததும் மெல்லிய தோல்போல் மூடிக்கொள்ளும். அதைத் துடைக்கலாம், நல்ல ரகமாக இருந்தால் கழுவவும் செய்யலாம். ஆகவே வீட்டின் உள்சுவருக்குப் பிரைமருக்குமேல் பெயிண்ட் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும்.

இன்னொரு கோட் பிரைமர் அடித்தால் பெயிண்ட்டுக்கு ஈடாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. எத்தனை கோட் அடித்தாலும் பிரைமர் பிரைமர்தான். அதில் ஸ்டெய்னர் என்னும் நிறக் கலவையைக் கலந்து நிறம் கொடுத்து முடித்துவிடுவதும் அப்படியே. அடர்ந்த நிறம் அடிக்கப்போகும் சுவரில் பிரைமருக்கு லேசாக நிறம் கொடுப்பது நல்ல வழக்கம், ஆனால் அது அடித்தளத்துக்கு மட்டும். பணம் இடித்தால் விலை குறைந்த எமல்ஷனையாவது வாங்கி அடியுங்கள். இரண்டாவது கோட் பிரைமரைவிட ஒரு கோட் எமல்ஷன் எவ்வளவோ மேல். முதலில் சமையலறை, ஹால், பிள்ளைகள் கை படும் அறை.

மாதக்கணக்கில் விட்ட பிரைமர்மேல் நேராகப் பெயிண்ட் அடிப்பதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அதன்மேல் அடித்த பெயிண்ட் பின்னால் உரிந்து வரும். எண்ணெய்க் கறையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, தூசியைத் தட்டி, இன்னொரு கோட் பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட். எங்கள் வீட்டில் இந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுத்தோம். ஓரிரு வாரம்தான் ஆகியிருக்கிறது, கையில் தூள் ஒட்டவில்லை என்றால் தூசி துடைத்துவிட்டு நேராகப் பெயிண்ட்டுக்குப் போகலாம்.

அவசரமும் கெடுக்கும். சிமெண்ட் பூச்சில் சுண்ணாம்புபோலக் காரத்தன்மை உண்டு, ஈரமும் இருக்கும். பூசி 28 நாளாவது போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடுதலாக. ஈரச் சுவரை மூடினால் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். பிரைமர் காய எத்தனை மணி நேரம், தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் விட்டால், இரண்டு கோட் அடித்தாலும் அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டி (புட்டி) வெளியே தெரியும்.

பெயிண்டரிடம் பேசும்போது "ஃபுல் வேலை இவ்வளவு" என்று மொத்தத் தொகையாக முடிக்காதீர்கள். பட்டி எத்தனை கோட், பிரைமர் எத்தனை, பெயிண்ட் எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பட்டிமேல் ஒரு கோட் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன் என்பது வழக்கமான கணக்கு.

பரண், ஸ்டோர் ரூம் போல யார் கையும் படாத இடங்களில் மட்டும் பிரைமரோடு கொஞ்ச காலம் விட்டுவைக்கலாம்.