நுண்துளை சிலிக்காவுக்குள் கோபால்ட் ஆக்சைடு ஏற்றுவது எப்படி?

ஒளியின் உதவியால் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வினையூக்கித் தூள் இது. பினாங்கில் இதைச் செய்யப்போகும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்று: கோபால்ட் நைட்ரேட் பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றை இழுத்து உப்பு கசிந்துவிடும், நிறுத்துப் பார்க்கும் எடையும் தவறாகிவிடும்.

எஸ்பிஏ-15 என்னும், நானோ அளவுத் துளைகள் வரிசையாக உள்ள சிலிக்காத் தூளை 120 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து 1 கிராம் எடுங்கள். அந்தத் தூள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எடை பார்த்த வேறொரு சிட்டிகையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து, அந்தக் கணக்கில் 1 கிராமுக்குச் சரியாக ஆகும் நீரில் மட்டும் 0.2 கிராம் கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். நீர் கூடினால் ஆக்சைடு துளைக்குள் போகாமல் வெளியே கட்டி கட்டியாக வளரும், பலரும் சறுக்கும் இடம் இதுதான். 2009-இல் பெர்க்லியில் ஜியாவ், ஃப்ரை என்ற ஆய்வாளர்கள் இருவரும் துளைக்குள் அடங்கிய கோபால்ட் ஆக்சைடு நானோ கொத்துகள் மைக்ரான் அளவுத் துகள்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நீரிலிருந்து ஆக்சிஜன் தருவதைக் காட்டினார்கள்.

அப்புறம் காயவைத்து, மெதுவாக 400 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு நச்சு வாயு வரும், அதனால் ஃபியூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கட்டாயம். சுமார் 5 சதவீத கோபால்ட் ஆக்சைடு உள்ள கறுத்த தூள் கிடைக்கும்.

சோதிக்க, பிஎச் 5.8-ஐ மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசலில், ஒளியை உறிஞ்சும் ருத்தேனியம் பைபிரிடின் சாயமும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் சோடியம் பெர்சல்ஃபேட்டும் கலந்து, தூளைப் போட்டு, ஆர்கானால் காற்றை நன்றாக விரட்டி, 450 நானோமீட்டர் நீல எல்ஈடி ஒளியைப் பாய்ச்சி, ஆக்சிஜன் மின்முனையால் அளவிடுங்கள். ஆக்சிஜன் உண்மையிலேயே இந்த வினையால்தான் வருகிறதா என்று உறுதிசெய்ய, தூள் இல்லாமல் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை, சாயம் இல்லாமல் ஒரு தடவை கட்டாயம் ஓட்டுங்கள்.