மாவட்டத் தொலைக்காட்சிச் செய்தியாளர் நேர்மையாகப் பணியாற்றுவது எப்படி?

திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் தொடங்கும்போது, வாசலில் முழக்கமிடுவோரை நோக்கித்தான் கேமராக்கள் முதலில் திரும்பும். அதைப் பதிவுசெய்த பிறகு, மனு எழுதிக் கொடுப்பவரின் முன்னால் காத்திருப்போரிடம் செல்லுங்கள். ஒருவரின் பிளாஸ்டிக் பையில் பழைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் நான்கைந்து மடங்கிக் கிடந்தால், செய்தி அங்கேதான் இருக்கிறது. சீட்டுகளின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, மனு எந்த மேசையில் தேங்கியது என்று உரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால், 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என்று கூறும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்.

2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாத ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்கு இரையானது. அந்த மனுக்கள் அதற்கு முன்பே செய்தியாகியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அப்படியொரு தீக்குளிப்பு முயற்சி உங்கள் கண்ணெதிரே நடந்தால், கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடிச்சென்று தடுப்பதே முதல் கடமை. பைட் எனப்படும் பேட்டித் துணுக்கு அதற்குப் பிறகுதான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குகளில் பெயரை மட்டும் தவிர்த்தால் போதாது. பள்ளிச் சீருடை, தெருமுனைக் கோயில், தாயின் முகம், ஃபோனோ எனப்படும் தொலைபேசிப் பேட்டியில் ஒலிக்கும் தந்தையின் குரல் ஆகிய எதுவும் குழந்தையை ஊராருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். 2012ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 23ஆவது பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. செய்தியைத் தொகுக்கும் தலைமை அலுவலக டெஸ்க்கில் மறைத்துக்கொள்வார்கள் என்று நம்பி அனுப்பாதீர்கள், அத்தகைய காட்சிகளை எடுக்கவே வேண்டாம்.

செய்தியாளர் சந்திப்பின் முடிவில் நீட்டப்படும் பணக் கவரை, உடனிருப்போர் வாங்கினாலும், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஊதியம் பெறும் ஸ்ட்ரிங்கருக்கு இது எளிதல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அதே நபர் மீது நாளை புகார் வரும்போது, அவரிடம் கேள்வி கேட்கும் உரிமையை அந்தக் கவர் பறித்துவிடும். ஆகவே, ஊதியத்தையும் பயணப்படியையும் பணியில் சேரும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விளம்பரம் திரட்டும் பொறுப்பை ஏற்காதீர்கள்.

தவறான தகவல் ஒளிபரப்பாகிவிட்டால், பிழை வெளியான அதே நேரச் செய்தியறிக்கையில் திருத்தத்தை வாசிக்கும்படி டெஸ்க்கை வற்புறுத்துங்கள். பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து, திருத்தம் எப்போது வரும் என்பதையும் நீங்களே தெரிவியுங்கள்.