ஐந்தாவது கார்டை ஏற்க மறுத்த மதர்போர்டு

2021ஆம் ஆண்டில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்குக்காக, அதாவது கணினிக் கணக்கீட்டால் அந்த நாணயத்தை ஈட்டுவதற்காக, நான் அமைத்த கணினியில் நான்கு கிராபிக்ஸ் கார்டுகள் சிக்கலின்றி ஓடின. ஐந்தாவதைச் செருகியதும் திரை இருண்டே கிடந்தது. கார்டுகளையும், அவற்றைப் போர்டுடன் இணைக்கும் நீட்டிப்புகளான ரைசர்களையும் மாற்றி மாற்றிச் சோதித்தபின், தடை மதர்போர்டில்தான் என்பது உறுதியாயிற்று. விளையாட்டுக் கணினிக்கென உருவான அந்தப் பழைய போர்டின் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட மென்பொருள்) 'அபவ் 4ஜி டிகோடிங்' என்ற வசதியே இல்லை. ஒவ்வொரு கார்டும் தன் நினைவகத்துக்கென முகவரி இடம் கேட்கும்; இந்த வசதி இல்லாவிட்டால் அவை அனைத்தும் 4 ஜிபி எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால், கார்டுகள் கூடும்போது இடம் போதாமல் போகிறது.

ஆகவே மைனிங்குக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆஸ்ராக் எச்110 புரோ பிடிசி பிளஸ் போர்டுக்கு மாறினேன். அதில் கார்டுகளைச் செருகுவதற்கான 13 பிசிஐஇ ஸ்லாட்டுகள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்றவை சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டுகளே என்றாலும், கணக்கீடு கார்டுக்குள்ளேயே நடப்பதால் மைனிங்குக்கு அவை தாராளம். பிராசஸருக்குச் செலவழிப்பதும் வீண். மலிவான செலரான் போதும். பயாஸில் அந்த வசதியை இயக்கி, பிசிஐஇ வேகத்தை இரண்டாம் தலைமுறை அளவான 'ஜென்2' எனக் குறைத்தபின் எல்லாக் கார்டுகளும் தென்பட்டன.

மின் இணைப்பில்தான் கூடுதல் கவனம் தேவை. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கக்கூடும். ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான சாட்டா மின் இணைப்போ ஏறத்தாழ 54 வாட்டுக்கே உரியது. எனவே ரைசர்களுக்கு மின்சாரம் தர 6 பின் இணைப்பையே பயன்படுத்தினேன். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் மைனிங் முறையைக் கைவிடும்வரை போர்டு தொல்லை தரவில்லை.