டீ பேக் ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்க்கும் மேசையில் தொழில் பழகியவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு சூப்பர் மார்க்கெட் டீ பேக்குகளை வைத்துத்தான் முதல் பாடம் நடத்துகிறேன். நல்லதும் சுமாரும் ஒரே அலமாரியில் கிடைக்கும், நாலு பை வீணானாலும் பெரிய நஷ்டமில்லை. வருகிற ஒவ்வொருவரும் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். காரமாகத் தின்றுவிட்டு ருசி பார்க்க வருவது, நாக்கைச் சுட்டுக்கொள்வது எல்லாம் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடை பார்க்காமல் ஒப்பிடுவது

ஒரு பிராண்டில் பைக்கு 2 கிராம் தூள் இருக்கும், இன்னொன்றில் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் அப்படியே தனித்தனிக் கப்பில் போட்டுவிட்டு, ‘இது ஸ்ட்ராங், அது தண்ணி’ என்றால் அது எடை வித்தியாசம்தான். டீயின் தரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பையை வெட்டி, தூளை நிறுத்துப் போடுங்கள். ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச முறை 1980 முதல் இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், 6 நிமிடம். குடிப்பதற்கு 6 நிமிடம் அதிகம்தான். ஆனால் டீயில் என்ன குறை இருந்தாலும் அதற்குள் வெளியே வந்துவிடும்.

பையைப் பிழிவது

பிழியாதீர்கள்.

கலரைப் பார்த்துத் தரம் சொல்வது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கும் யாராவது பையைத் தண்ணீரில் விட்ட அரை நிமிடத்தில் ‘எப்படிக் கலர் விடுது பாருங்க’ என்றால் சுருக்கென்று கோபம் வருகிறது.

கோயம்புத்தூரில் தெரிந்த தம்பி ஒருவர் ஓர் அலுவலகத்தில் கேன்டீன் எடுத்து நடத்துகிறார். எந்த டீ பேக் வாங்கலாம் என்று நாலைந்து பெட்டிகளோடு வந்தார். கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பையை விட்டார். ஒன்று மட்டும் சட்டென்று கருஞ்சிவப்பாக இறங்கியது. “அண்ணா, இதுதான் செம ஸ்ட்ராங். முடிச்சிடலாம்” என்றார். “வாயில வச்சுப் பாரு தம்பி” என்றேன். வைத்தார், ஆனால் கண் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் டீயில் ஒன்றுமே இல்லை என்று ஆட்கள் கப்புக்கு இரண்டு பை போட ஆரம்பித்தார்கள். கப்புக்குக் கிடைத்துவந்த லாபம் அந்த இரண்டாவது பையிலேயே போய்விட்டது.

நடந்தது இதுதான். டீ பேக்கில் இருப்பது பெரும்பாலும் சிடிசி உருளைகளில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய சின்னக் குருணை. அல்லது அதைவிடச் சன்னமான டஸ்ட். தூள் சன்னமாக இருந்தால் தண்ணீர் படுகிற பரப்பு கூடும், கலர் வேகமாக இறங்கும். அதை வைத்துத் தூள் எவ்வளவு சன்னம் என்பதைத்தான் சொல்ல முடியும். அப்புறம், இலையை ஃபேக்டரியில் எவ்வளவு நேரம் நொதிக்க விட்டார்கள் என்பது இருக்கிறது. டீக்குத் துடிப்பை, அதாவது வாயில் சுரீரென்று பிடிக்கிற தன்மையைக் கொடுப்பது தியாஃப்ளேவின் என்ற பொருள். கருமையையும் கனத்தையும் கொடுப்பது தியாருபிஜின் என்ற இன்னொரு பொருள். நொதிப்பு அளவு மீறினால் முதலாவது குறைந்து, இரண்டாவது மிஞ்சும். சாயம் கறுப்பாக இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும்.

தண்ணீரும் தன் பங்குக்கு ஏமாற்றும். கடினமான போர் தண்ணீரில் அதே டீ இன்னும் கறுக்கும், மேலே ஆடை படியும். நம்பிக்கை வராவிட்டால் ஒரே டீயை இரண்டு கப்பில் ஊற்றி, ஒன்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடுங்கள். ஒன்று வெளிறும், மற்றது கன்னங்கரேலென்று ஆகிவிடும். இரண்டிலும் இருப்பது ஒரே இலைதான்! இதைச் செய்து பார்க்காதவர் கையில் நான் ஸ்பூனையே கொடுப்பதில்லை.

இந்தக் கலர் ஆசையை நம்பித்தான் செயற்கைச் சாயம் கலந்த தூளும் விற்பனையாகிறது. ஈரமான வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவுங்கள். உடனே திட்டுத் திட்டாகக் கலர் பரவினால் அதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

கலரையே பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு கறுப்பு என்று பார்க்காமல் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று பாருங்கள். பால் விட்டதும் நல்ல டீ செம்பொன் நிறத்தில் எழும்பும். மட்டமானது சாம்பல் கலந்த பழுப்பாக அமுங்கிவிடும். பால் விடுவதற்கு முன்னால் ஒரு ஸ்பூன் எடுத்து, காற்றோடு சேர்த்து ‘சர்’ரென்று உறிஞ்சுங்கள். ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் சுரீரென்று பிடித்து, உடனே விட்டுவிடுகிற ஒரு துவர்ப்பு தெரிகிறதா? ஸ்ட்ராங் என்று சொல்லிக் காசு கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

சக்கையைத் தூக்கிப் போடுவது

வடித்த சக்கையை ஒரு மூடியில் கவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் மோந்து பாருங்கள். புகை வாடை, பூஞ்சை வாடை எல்லாம் இதில் எளிதாகத் தெரியும். நிறம் புதுச் செம்பு மாதிரி இருந்தால் நல்லது, மங்கிக் கறுத்திருந்தால் ஃபேக்டரியில் எங்கோ கை தவறியிருக்கிறது.

ஆறிக் கலங்கினால் கெட்ட டீ என்று நினைப்பது

நேர் எதிர். பால் விடாத நல்ல டீ ஆறும்போது காஃபினும் தியாஃப்ளேவினும் சேர்ந்து கலங்கலாகத் திரளும். திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். புதியவர்கள் இதை அழுக்கு என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். எத்தனை நல்ல டீ இப்படிச் சிங்க்கில் போயிருக்கிறது! ஆறிய பிறகும் கண்ணாடியாக நிற்கிற டீயில் பெரும்பாலும் சத்து இருக்காது.

மெஷின் வெந்நீரில் ருசி பார்ப்பது

அது கொதித்த தண்ணீர் இல்லை. வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குன்னூரிலிருந்து வாங்கி வந்த டீ சென்னையில் வேறு மாதிரி இருக்கிறது என்றால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாமல் இதையும் உங்கள் வீட்டுத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்.

தேதி பார்க்காமல் பெட்டியை எடுப்பது

தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கடையில் சோப்பு, ஊதுபத்தி பக்கத்திலும் வீட்டில் பெருங்காயம் பக்கத்திலும் இருந்த பெட்டியை வைத்து எந்த பிராண்டையும் குறை சொல்லாதீர்கள். ஈரக் காற்று பட்டால் துடிப்பும் போய்விடும். வெறும் காகித உறையைவிட ஒவ்வொரு பைக்கும் தனித்தனி ஃபாயில் உறை போட்டது அதிக நாள் தாங்கும். காலாவதித் தேதி ரொம்பத் தள்ளியிருக்கும், அதை நம்பி வாங்க வேண்டாம். பேக் செய்த தேதியைத் தேடிப் பாருங்கள். ஒப்பிடப்போகிற பெட்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் பேக் செய்ததாக இருக்கட்டும்.